காணி கிடைக்கும்வரை விதை காத்திருக்குமா?

மிளகாய்க் கன்று போடுவது பற்றிப் பேச்செடுத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரே பதில்தான் வருகின்றது: “முதலில் காணி வரட்டும், பிறகு பார்ப்போம்.” இப்பதிலில் உள்ள வேதனை எமக்கு விளங்காததல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுள் பலர் சொந்தத் தோட்டத்தில் மீண்டும் கால்வைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. ஆனால் மனிதர் காத்திருப்பதுபோல விதை காத்திருக்காது. எமது வெக்கையில் வீட்டுப் போத்தலில் கிடக்கும் மிளகாய் விதை ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு நன்றாக முளைக்கும். பின்னர் அதன் முளைதிறன் விரைவாகக் குறைந்துவிடும். காணியைப் பார்த்திருந்த குடும்பம், காணி கிடைக்கும் நாளில் கடைக்காரனின் விதைப் பொதியையும் பார்த்திருக்க வேண்டியதாகின்றது. ஆகவே காணி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுதோறும் இருபது முப்பது கன்றையாவது தன் கூரையின்கீழ் முளைக்க வைக்கவேண்டும் என்பதே என் கருத்து.

கூரையின்கீழ் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் மாரி மழை தணிந்து மார்கழி, தையில் கன்று நடுவது வழமை. அதற்கு ஐப்பசி, கார்த்திகையில் நாற்றுமேடை போடவேண்டும். மழை அடித்து ஊற்றும் மாதங்களும் அவையே. சொந்தக் காணியில் இருந்தபோது மேடையை உயர்த்தி, வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, கிடுகால் பந்தல் போட்டுச் சமாளித்தோம். முகாமிலோ பிறர் வளவிலோ அது நடக்காது. தாழ்வாரத்தில் ஒரு பெட்டி வைக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கனடாவிலுள்ள எமது உறவினர் பனி கரையுமுன்பே யன்னலோரத்தில் மிளகாய் விதை போட்டு, மே மாதக் கடைசியில்தான் கன்றை வெளியே நடுகின்றனர். அவர்கள் குளிருக்குப் பயந்து செய்வதை நாம் மழைக்குப் பயந்து செய்வோம்.

முதலில் விதையைச் சோதியுங்கள். இருபது விதையை ஈரத்துணியில் சுற்றிப் பத்து நாள் வைத்தால் தெரிந்துவிடும். பதினைந்துக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. பாதியும் முளைக்காவிட்டால் இரட்டிப்பாகப் போடுங்கள், அல்லது வேறு விதை தேடுங்கள். பாத்திரத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். யோகட் கோப்பை, பால்மா ரின், வெட்டிய பிளாஸ்டிக் போத்தல், கண்ணைத் துளைத்த சிரட்டை, எதுவும் போதும். அடியில் துளை இருக்கவேண்டும், அவ்வளவுதான். மேல்மண்ணும் நன்கு உக்கிய சாணமும் சரிபாதி கலந்து, கொஞ்சம் மணல் சேர்த்து அரியுங்கள். அதன்மேல் கொதிநீரை ஊற்றி, ஆறி வடிந்தபின் மறுநாள் பயன்படுத்துங்கள். கோப்பைக்கு இரண்டு மூன்று விதை, ஒரு சென்ரிமீற்றர் ஆழம். ஏழு முதல் பத்து நாளில் முளை வரும். பின்னர் திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் கன்று கெடுவது இதன் பிறகுதான். விதை முளைக்க இருட்டுப் போதும், கன்று வளர வெளிச்சம் வேண்டும். கொட்டிலின் உள்ளே விட்டால் தண்டு நீண்டு, வெளிறி, நடும்போதே சாய்ந்துவிடும். கோப்பைகளை ஒரு பழைய ரெஜிபோம் மீன்பெட்டியில் அடுக்கிவைத்தால், காலை வெயிலுக்கு வெளியே தூக்கவும் மழை இருட்டியவுடன் உள்ளே எடுக்கவும் ஒரு பிள்ளையால் முடியும். கோழிக்கும் எட்டாமல் இருக்கும்.

அடுத்த ஆபத்து நாற்றழுகல். மண்மட்டத்தில் தண்டு கபில நிறமாகி, நூல்போல மெலிந்து, கன்று விழுந்துவிடும். அளவுக்கு மிஞ்சிய ஈரமும் நெருக்கமுமே இதற்கு வழிவிடுகின்றன. தண்ணீரைக் காலையில், மண் காய்ந்த பின்னர் மட்டும் விடுங்கள். நோய் கண்ட கோப்பையை மண்ணோடு அகற்றிவிடுங்கள். நான்கைந்து வாரத்தில் ஐந்தாறு இலை வந்ததும் ஒரு கிழமை தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கூட்டிப் பழக்குங்கள். நடுவது மாலையில்.

விவசாயிகளுக்கு உதவும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மாசி மாதத்தில் வந்திறங்கும் விதைப் பொதி படம் எடுக்க உதவும், பயிருக்கு உதவாது. கொடுப்பதாயின் புரட்டாசிக்குள் கொடுங்கள். அதுவும் கலப்பின விதையாக வேண்டாம். காணியும் கைக்காசும் உள்ளவருக்குக் கலப்பினம் கூடிய விளைச்சல் தரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாய்மரத்தைப்போல வராது; ஒவ்வொரு போகத்துக்கும் வாங்கவேண்டும். மகா இலுப்பள்ளமவில் உருவான எம்.ஐ. 2 போன்ற சாதாரண இனமாயின் குடும்பமே விதை வைத்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொன்றும் எம்மை வருத்துகின்றது. 1970 களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது செத்தல் மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ கல்வீடுகளைக் கட்டின. 1977 இற்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த வருமானம் சரிந்தது, அது வேறு கதை. அன்று கன்று போட்ட கைகள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டன. முகாமில் பிறந்த பிள்ளைகள் தாமே பெற்றோராகிவிட்டனர். அவர்களுள் பலர் நாற்றுப் பிடுங்கிப் பார்த்ததேயில்லை. அப்பு, ஆச்சி இருக்கும்போதே அந்தப் பெட்டியைப் பேரப்பிள்ளையின் கையில் கொடுங்கள்.

நடுவதற்கு இடமெங்கே என்று கேட்பீர்கள். பழைய சீமெந்துப் பைகளில் பத்துக் கன்று வைத்தால், வீட்டுக் கறிக்குப் பச்சைமிளகாய் வாங்கும் செலவு பெருமளவு குறையும். மிஞ்சிய கன்றைக் குத்தகைக்குத் தோட்டம் செய்பவர்களுக்கு விற்கலாம். அந்தப் பத்தில் இலை சுருளாத, நன்றாகக் காய்க்கும் ஒன்றிரண்டை விதைக்கென்று குறித்துவையுங்கள். மிளகாயில் தேனீக்களால் இனக்கலப்பு எளிதில் நடக்கும். ஆகையால் வேறு இனம் அருகில் நின்றால் பூக்குமுன் ஒரு கிளையை மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். காய் பிடித்தபின் அவிழ்க்கலாம். முழுதாகச் சிவந்த பழத்தை நிழலில் உலர்த்தி விதையை எடுங்கள். கையைக் கழுவாமல் பிள்ளைகளைத் தூக்கவேண்டாம். காய்ந்த விதையைத் துணியில் முடிந்து, உலர்ந்த விறகுச் சாம்பல் இட்ட போத்தலில் இறுக மூடி, எடுத்த ஆண்டை எழுதி ஒட்டி, அடுப்புக்குத் தூரமாக வையுங்கள். புரட்டாசியில் அந்தப் போத்தலிலிருந்து முதல் இருபது விதையை எடுத்துச் சோதிக்கலாம்.