ஊசியா, தாமதமா?
குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் பையைச் சுமந்து கொழுந்து பறிப்பவர்களுக்குப் பிட்டத்தில் தொடங்கிக் கால்வரை இழுக்கும் வலி புதிதல்ல. இதற்கு அக்குபங்சர் ஆபத்தா என்றால், தேர்ந்த கையில் பெரும்பாலும் இல்லை என்பேன். ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கவனித்து 2009இல் வெளியான ஆய்வில் 8.6 சதவீதத்தினருக்கே பக்கவிளைவு. அதிலும் பெரும்பாலானவை லேசான ரத்தக்கசிவும் வலியும்தான். நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்தது இரண்டே பேருக்கு. பிட்டத்துக்கடியில் நுரையீரல் இல்லைதான். ஆனால் பிட்டத்தின் ஆழத்திலுள்ள பிரிஃபார்மிஸ் தசையை ஒட்டி, உடலிலேயே பருமனான சியாட்டிக் நரம்பு ஓடுகிறது. ஊசி ஆழமாக இறங்கும் இடமும் இதுதான். மின்சாரம் பாய்ந்தாற்போல் காலுக்குள் சுரீரென்றால் உடனே ஊசியைப் பின்னிழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஊசி புதிதாகப் பிரித்ததா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறதே, ஊசி மேல்தானே என்பார்கள். நியாயம்தான், வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குவதற்கு நானும் வக்காலத்து வாங்கவில்லை. வலி குறைந்த தெம்பில் காலம் கடத்துவதுதான் எனக்கு உறுத்துகிறது. சிறுநீர் அடைத்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கொத்து நசுங்குகிறதோ என்று பார்த்தாக வேண்டும். திடீரெனப் பாதம் தொங்கினாலும் அவசரம்தான். இன்னும் இரண்டு சிட்டிங் போகட்டும் என்னாமல், அன்றே ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.