சீல் இருக்கு, படிச்சுச் சொல்ல ஆளில்லை



நம் மாதக் கூட்டங்களில் ஒரு கோரிக்கை அடிக்கடி எழுகிறது. "நோட்டரிக்காரங்க இஷ்டத்துக்குக் காசு கேக்கறாங்க, அரசாங்கம் ஒரு உச்சவரம்பு வைக்கணும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்கி வேலையில் நோட்டரி முத்திரை குத்திய காகிதங்களைக் கட்டுக் கட்டாகப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உச்சவரம்பு ஏற்கனவே இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொண்டதில்தான் கோளாறு.

1952-ம் ஆண்டு நோட்டரி சட்டம், அதன் கீழ் 1956-ல் வந்த விதிகள், இரண்டும் புதுச்சேரிக்கும் பொருந்தும். எந்த வேலைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று விதிகளிலேயே பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். வாங்கிய காசுக்கு ரசீது தர வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். உங்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலைப் பார்த்திருக்கிறீர்கள்? எத்தனை பேர் ரசீது கேட்டீர்கள்? உண்மையைச் சொன்னால், நானே கேட்டதில்லை.

பட்டியலில் உள்ள தொகை சிறியது. அந்தக் காசுக்கு ஒருவர் உட்கார்ந்து, வந்த ஆள் சரியான ஆள்தானா என்று பார்த்து, நாலு பக்கத்தையும் படித்து, விவரம் தெரியாதவருக்கு விளங்கவும் வைப்பது கட்டாது. அப்போது இரண்டு வழிதான் இருக்கிறது. பட்டியலை மாட்டாமல் வாய்க்கு வந்ததைக் கேட்பது ஒன்று. படிக்காமலே சீலைக் குத்தி, எண்ணிக்கையில் சம்பாதிப்பது இன்னொன்று. பொறுமையாகப் படித்துப் பார்க்கிற நோட்டரிகளும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கைக்காசை இழந்துதான் அப்படி இருக்க வேண்டியிருக்கிறது.

இதனால் நமக்கு என்ன நட்டம்? எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, பாகூர் பக்கம் 2 காணி நிலத்தை 5 வருடக் குத்தகைக்குப் பிடித்தார். முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி சீல் வாங்கி, பத்திரமாக பீரோவில் வைத்தார். ரசாயனம் கொட்டிக் கெட்டிப்பட்டுப் போன மண். பசுந்தாள் உரம் விதைத்து மடக்கி உழுது, ஆட்டுக்கிடை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றினார். ஆண்டுப் பயிருக்கு 2 வருடம், பல்லாண்டுப் பயிருக்கு 3 வருடம் மாற்றுக்காலம் என்பது அங்கக வேளாண்மைக்கான தேசியத் திட்டத்தின் விதி. அந்தக் காலம் முடிந்து, இனிமேல்தான் நல்ல விலை கிடைக்கும் என்ற நேரத்தில், நிலத்துக்காரர் "நிலத்தை விட்டுடுப்பா" என்றார்.

தம்பி காகிதத்தோடு வக்கீலிடம் ஓடினார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவு. பதிவு செய்யாவிட்டால் அந்தக் குத்தகைக்குச் சாட்சியமாக ஏற்க முடியாது என்கிறது 49-வது பிரிவு. "சீல் இருக்கே சார்" என்று என்னிடம் வந்து அழாத குறையாகக் கேட்டார். அந்த சீல், இன்னார் என் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்று மட்டும்தான் சொல்லும். பதிவுக்கு அது மாற்று ஆகாது. "தம்பி, 5 வருஷம்னா சார்பதிவாளர் ஆபீசுக்குப் போகணும்" என்று அன்றைக்கு மேசையில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பட்டியலில் விலையே இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு ஒரு வழக்கமும் தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் 'நொத்தேர்' என்பவர் பத்திரத்தைத் தானே எழுதி, மூலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, நகல் தருவார். 1968-ல் இந்தியச் சட்டங்கள் பல இங்கே நீட்டிக்கப்பட்டபோது பதிவுச் சட்டமும் வந்தது. பிரான்சில் இன்றும் நொத்தேர்தான் கிரயப் பத்திரம் எழுதுகிறார். வாங்குபவர் பணம் அவர் பொறுப்பில், அரசு நிதி நிறுவனக் கணக்கில் இருந்து, பத்திரம் முடிந்த பிறகே விற்றவர் கைக்குப் போகும். கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2016-ல் அங்கே, நொத்தேரின் கூலி சொத்து மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஆனால் 90 யூரோவுக்குக் குறையாது என்று விதி வந்தது. சிறு நிலம் வாங்குவோருக்கு நல்ல செய்திதான். ஆனால் துண்டு நிலத்துக்கும் தோட்டத்துக்கும் பத்திரம் எழுதினால் செலவுக்கே கட்டவில்லை என்று கிராமத்து நொத்தேர்கள் குரல் கொடுத்தார்கள். நமக்கு இதில் பாடம் உண்டு. வரம்பை அளவுக்கு மீறி இறக்கினால், கடைசி வரிசையில் நிற்கப் போவது சின்ன நிலத்துக்காரன்.

எஸ்க்ரோ கணக்குக்கும் இதே கதைதான். நடுவில் ஒருவர் பணத்தை வைத்திருந்து, நிபந்தனை நிறைவேறியதும் விடுவிப்பது அது. நம் நாட்டில் வங்கிகள் இதைப் பெரிய ஒப்பந்தங்களுக்குச் செய்கின்றன. நிலம் வாங்க 2 லட்சம் அட்வான்ஸ் கொடுக்கும் விவசாயிக்கும் இது தேவை. கட்டணத்தை மட்டும் வெட்டினால், எந்த வங்கியும் அந்த 2 லட்சத்தைத் திரும்பிப் பார்க்காது.

"அப்போ கட்டணத்தைக் கூட்டச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். ஆமாம், வேலையோடு சேர்த்துக் கூட்டச் சொல்கிறேன். படித்துக் காட்டி விளக்குவதற்குத் தனியாக ஒரு தொகை வையுங்கள். விளக்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சிறு விவசாயியின் குத்தகைப் பதிவுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை கொடுங்கள். குத்தகை உரிமை வந்துவிடும் என்று பயந்து பதிவுக்கு வர மறுக்கும் நிலத்துக்காரர்களிடம் பேச, நம் இயக்கமும் முன்வர வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது: நோட்டரியிடம் பட்டியலையும் ரசீதையும் கேளுங்கள். ஓராண்டுக்கு மேல் குத்தகை என்றால் பதிவு செய்யுங்கள். வில்லங்கச் சான்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், கொடுப்பதையும் வங்கி வழியாகக் கொடுங்கள்.

நஞ்சில்லாத அரிசியைக் கட்டாத விலைக்குக் கேட்பவரிடம், "எங்க உழைப்புக்கு விலை வேணாமா?" என்று கேட்கிறோமே. அதே கேள்வியை நோட்டரி மேசைக்கு முன்னாலும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நியாயமான கூலி கொடுப்போம், முழு வேலையையும் வாங்குவோம்.