தார் எந்தத் தெரு வரை வரும்?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஷா என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் கறுப்பின மக்கள் தங்கள் நகர நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். அவர்கள் கேட்டவை எளியவை: தார் போட்ட தெரு, தெருவிளக்கு, கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால். தார் காணாத தெருக்களை ஒட்டிய வீடுகளில் ஏறத்தாழ 98 விழுக்காட்டில் கறுப்பின மக்களே வாழ்ந்தனர். கழிவுநீர்க் குழாய் எட்டாத வீடுகளில் 97 விழுக்காடு அவர்களது குடியிருப்புகளில் இருந்தன. 1971இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1976இல் வேறொரு வழக்கில், விளைவு பாகுபாடாக இருந்தால் போதாது, பாகுபாடு காட்டும் நோக்கமும் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நோக்கத்தைக் கோப்பில் எழுதி வைக்கும் நிர்வாகம் எங்கே இருக்கிறது?

நீதிமன்றக் கதவு இவ்வாறு குறுகிய பின், வறியோரின் தெருவுக்குத் தார் வருவதும் வராததும் பெரும்பாலும் நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்ததாயிற்று. முதலாளித்துவம் நெருக்கடியில் வீழும்போது அமெரிக்கக் கூட்டாட்சி அரசு ஊக்க நிதி என்ற பெயரில் பெருந்தொகையை இறக்குகிறது. 2009இலும் 2021இலும் அவ்வாறு இறக்கியது. அந்த நிதி சாதாரண மக்களின் தெருவை எவ்வாறு அணுகியது என்பது, பொது நிதியின் வர்க்கத் தன்மையை அறிய உதவும் நல்ல பாடமாகும்.

2009 பிப்ரவரி 17 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின் மதிப்பு 78,700 கோடி டாலர். அதில் நெடுஞ்சாலைகளுக்கு ஏறத்தாழ 2,750 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. பணம் விரைந்து செலவாக வேண்டும் என்பதால், உடனே தொடங்கத்தக்க பணிகளே தேர்வாயின. சாலையின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் பணிகள் அவற்றில் பெரும்பங்கு பெற்றன. ஆனால் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிதிக்குப் பொதுவான ஒரு விதி உண்டு: உள்ளூர்த் தெரு என வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு அந்நிதி பொருந்தாது. ஆகவே குடியிருப்பைத் தொட்டுச் செல்லும் பெருஞ்சாலை மெருகேறியது. அங்கிருந்து உள்ளே திரும்பும் தெரு குண்டும் குழியுமாகவே நின்றது. உள்ளே செல்லக்கூடிய நிதியும் இருந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் சமுதாய மேம்பாட்டு மானியம், குறைந்த மற்றும் நடுத்தரத்துக்கும் கீழான வருவாயினர் பொதுவாக 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் வாழும் பகுதிகளின் தெருப்பணிகளுக்குப் பயன்படும். அந்த மானியத்துக்கு 2009இல் கூடுதலாகக் கிடைத்ததோ 100 கோடி டாலர். அதுவும் தெருவுக்கு மட்டும் உரியதன்று.

2021 மார்ச் 11 அன்று பைடன் கையெழுத்திட்ட மீட்புத் திட்டம் 1,90,000 கோடி டாலர் மதிப்புடையது. மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு மட்டும் 35,000 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. சிறு நகரங்களுக்கும் பங்கு கிடைத்தது குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும். எனினும் தொடக்கத்தில், பெருந்தொற்றால் இழந்த வருவாயை ஈடுசெய்வது என்ற தலைப்பின் வழியாகவே பொதுவான சாலைப் பணிகளுக்கு இப்பணத்தைச் செலவிட முடிந்தது. அத்தலைப்பில் 1 கோடி டாலர் வரை கணக்குக் காட்டாமலே எடுத்துக்கொள்ளலாம் என்று 2022இல் விதி தளர்ந்தது. ஆனால் நிபந்தனை குறைந்த கதவு ஏழைகளுக்கு மட்டும் திறப்பதில்லை. அலபாமா மாநில ஆட்சியாளர்கள் இதே நிதியிலிருந்து 40 கோடி டாலரை எடுத்துப் புதிய சிறைகள் கட்ட ஒதுக்கினர். மக்களின் அழுத்தம் இல்லாத இடத்தில், பொதுநலப் பணம் ஆளும் வர்க்கத்தின் தேவையை நோக்கியே வழியும்.

ஏழைகளின் தெருவுக்கு முன்னுரிமை கேட்டால், பொறியாளர்கள் ஒரு மறுப்பைச் சொல்வர். அது புறந்தள்ளத்தக்கதன்று. நல்ல நிலையில் உள்ள சாலையைச் சிறு செலவில் காப்பதே சிக்கனம். முற்றிலும் சிதைந்ததை மறுபடி அமைக்கப் பன்மடங்கு செலவாகும். ஆகவே நல்ல சாலையை முதலில் கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எண்ணளவில் அது சரியே. ஆனால் அந்தக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது? 1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களின் வரைபடத்தில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, கடனுக்கு ஆகாதவை என்று ஒதுக்கியது. 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பின், செயின்ட் பால் நகரின் ரோண்டோவையும் மயாமியின் ஓவர்டவுனையும் பிளந்துகொண்டு பெருஞ்சாலைகள் சென்றன. அன்று புறக்கணிக்கப்பட்ட தெரு இன்று சிதைந்து கிடக்கிறது. சிதைந்து கிடப்பதால் செலவு மிகுதி. செலவு மிகுதி என்பதால் மீண்டும் புறக்கணிப்பு. பழைய அநீதி சிக்கனம் என்ற புதுப் பெயரில் தொடர்கிறது. புகார் வரும் தெருவுக்கே முதலில் ஆள் அனுப்புவோம் என்பதும் இத்தகையதே. இரண்டு வேலை பார்த்துக் களைத்து வருபவருக்குப் புகார் எழுத ஏது நேரம்?

இந்தச் சுழலை உடைக்க முடியும் என்பதற்குக் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரம் சான்று. 2016இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த 60 கோடி டாலர் கடன்பத்திரம் அந்நகரின் சாலைப் பணிகளுக்கு வலுவூட்டியது. 2019இல் வகுத்த மூன்றாண்டுத் திட்டத்தில் 10 கோடி டாலரைச் செலவிட முடிவாயிற்று. உள்ளூர்த் தெருக்களுக்கான தொகையைப் பங்கிடும்போது, தெருவின் சிதைவோடு அங்கு வாழும் வறிய, ஒடுக்கப்பட்ட மக்களின் எண்ணிக்கையும் அளவுகோலாக்கப்பட்டது. பெருஞ்சாலைப் பராமரிப்பு தனிக் கணக்காக நின்றது. பொறியியலும் நீதியும் ஒன்றையொன்று விலக்கவில்லை. இது ஊக்க நிதியால் நடந்ததன்று. ஆனால் பங்கீட்டு விதியை முன்கூட்டியே வகுத்துக்கொண்ட நகரத்தில், திடீரென வரும் நிதிக்கும் போகும் வழி தெரியும். விதி இல்லாத நகரத்தில் அது செல்வாக்குள்ளோரின் தெருவிலேயே நின்றுவிடும்.

தாரை யார் போடுகிறார் என்பதும் கேள்வியே. 1935 முதல் 1943 வரை இயங்கிய பணிகள் முன்னேற்ற நிர்வாகம், வேலையற்ற 85 இலட்சம் பேரை அரசின் ஊதியத்திலேயே பணியமர்த்தி, 6,50,000 மைல் சாலைகளை அமைத்தது அல்லது செப்பனிட்டது. அதிலும் இனப் பாகுபாடு இருந்தது. ஆயினும் ஒப்பந்ததாரரின் இலாபத்துக்காகக் காத்திராமல் அரசே வேலை தர முடியும் என்பதை அது காட்டியது. பிந்தைய ஊக்க நிதிகளோ பெரிதும் ஒப்பந்ததாரர் வழியே சென்றன. புதிய தார் போட்ட தெருவில் குழி அடைக்க மூன்றாண்டு கழித்து ஆள் வேண்டுமானால், நகராட்சிக்கு நிரந்தரத் தொழிலாளரும் நிலையான வருவாயும் வேண்டும். ஒருமுறை வந்து நின்றுபோகும் மானியம் இவ்விரண்டையும் தருவதில்லை.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. இந்தியாவில் 2015இல் தொடங்கிய பொலிவுறு நகரங்கள் திட்டம் 100 நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அதன் பகுதிசார் மேம்பாடு என்ற கூறு, ஏற்கெனவே கட்டப்பட்ட பகுதியைச் செப்பனிடுவதற்கு 500 ஏக்கர், இடித்துக் கட்டுவதற்கு 50 ஏக்கர் என்ற குறைந்தபட்ச எல்லைகளை வகுத்து, நகரின் ஒரு துண்டில் பணத்தைக் குவித்தது. திட்டங்களை நடத்தத் தனி நிறுவனங்கள் அமைக்கப்பட்டு, 74ஆவது அரசமைப்புத் திருத்தம் வலுப்படுத்த முனைந்த நகர்மன்றங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. எந்தப் பகுதி முதலில் என்ற முடிவு, வாக்களித்த மக்களின் கையிலிருந்து நழுவியது.

தெருவுக்குத் தார் கேட்பது சீர்திருத்தக் கோரிக்கைதானே என்று சிலர் ஒதுக்கக்கூடும். மழைநாளில் நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பெருஞ்சாலைக்கு ஓடும் குடும்பம் அவ்வாறு ஒதுக்காது. ஆகவே நிதி வேண்டும் என்ற முழக்கத்தோடு நிற்காமல், பகுதிக் கிளைகள் மூன்று கோரிக்கைகளை இணைத்து எழுப்ப வேண்டும்: பங்கீட்டு அளவுகோல் நகர்மன்றத்தில் பகிரங்கமாக வகுக்கப்பட வேண்டும்; சிதைந்த தெருவும் வறிய மக்களும் சேர்ந்துள்ள பகுதிக்கு முதலிடம் தர வேண்டும்; பராமரிப்பு நிரந்தரத் தொழிலாளர் கையில் இருக்க வேண்டும். வார்டு வார்டாகத் தெருக்களை நடந்து பார்த்துப் பட்டியலிடுவதே இதற்கு முதல் வேலை. அந்தப் பட்டியல் கையில் இருந்தால், அடுத்த முறை நிதி வரும்போது அது எந்தத் தெரு வரை வர வேண்டும் என்பதை மக்களே சொல்ல முடியும்.