மாரிக்குளிரும் மங்கையர் கூந்தலும்

 

'குளிர்காலத் தலையலங்காரம்' என்று வெளிநாட்டுச் சஞ்சிகைகள் பக்கம் பக்கமாகப் படம் போடும். கம்பளித் தொப்பிக்குள் அடங்கும் பின்னல், கழுத்துத் துணிக்கு மேல் எடுப்பாகத் தெரியும் கொண்டை என்று பலவும் அதில் இருக்கும். அவற்றைப் பார்த்து ரசிக்கலாம், நமக்கு உதவாது. நமது குளிர் வேறு, நமது உடை வேறு, நமது தேவையும் வேறு.

வவுனியா நகரை அடுத்த நெளுக்குளத்தை எடுத்துக் கொள்ளுங்கள். பட்டானிச்சூரையும் சாளம்பைக்குளத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஒக்டோபரில் பிடிக்கும் மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். குளங்கள் நிரம்பும். பிறகு மழை தணிந்து பனி இறங்கும். மார்கழி, தை மாத அதிகாலைகளில் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். நுவரெலியாவில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சித்திரை வெயிலில் 35 பாகையில் வெந்து பழகிய உடம்புக்கு இதுவே பெருங்குளிர்.

இந்தக் குளிரில் நம் பெண்களுக்குள்ள பெரிய தொல்லை, தலை காயாததுதான். இடுப்புவரை கூந்தல் உள்ள ஒருவர் காலையில் தலை குளித்தால், வெயில் ஏறாத நாளில் லுஹர் வரை ஈரம் போகாது. அதற்குள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும். கடைக்கோ வேலைக்கோ போக வேண்டும். வேறு வழியின்றி ஈரத்தை அப்படியே முடிந்து, மேலே முக்காட்டை இறுக்கிக் கொள்கிறோம். மாலையில் அவிழ்த்தால் ஒரு வாடை, அரிப்பு, தலைப்பாரம்!

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. 'இந்தக் குளிரில் எப்படித் தலை நனைப்பது?' என்ற தயக்கத்தில் கடமையான குளிப்பைத் தள்ளிப்போட்டு, ஸுப்ஹுத் தொழுகையைக் களாவாக்கிவிடும் சகோதரிகள் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, ஆனால் இருக்கிறார்கள். தலை முடிவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். அதைச் சரியாகச் செய்தால் தொழுகையும் காக்கப்படும், தலையும் காக்கப்படும்.

ஈர முடிக்கு என்ன நேர்கிறது?

முடி நீரை உறிஞ்சி ஊதும். ஊதிய முடி எளிதாக நீளும், எளிதாக அறும். ஈரத்தில் நெருக்குப் பல் சீப்பால் வாரும்போது கொத்துக் கொத்தாக முடி வருவதற்கு இதுவே காரணம். அத்துடன், பொடுகோடு தொடர்புடைய ஒருவகைப் பூஞ்சணம் எல்லோர் தலையிலும் இயல்பாகவே இருக்கிறது. வெதுவெதுப்பும் ஈரமும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்த இடம் அதற்குக் கொண்டாட்டம். இறுக்கிய முக்காட்டின் கீழ் ஈரக் கொண்டை என்றால் கேட்கவும் வேண்டுமா?

தடிமன் ஈரத்தலையால் பிறப்பதில்லை. அது வைரசுக் கிருமியால் வருவது. எனவே 'தலை குளித்தால் காய்ச்சல் வரும்' என்று பயந்து வாரக் கணக்கில் தலை நனைக்காமல் இருக்க வேண்டியதில்லை. குளியுங்கள், ஆனால் காய வையுங்கள்.

எப்போது குளிப்பது, எப்படிக் காய வைப்பது?

வழமையான தலைக்குளிப்பை விடுமுறை நாளில் முற்பகல் பத்து, பதினொரு மணிக்கு வைத்துக் கொள்ளுங்கள். பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை நல்லது. அதிகாலையில்தான் குளிக்க வேண்டும் என்றால், கிணற்றிலிருந்து அப்போதே அள்ளிய நீரைப் பயன்படுத்துங்கள். வெளிக்காற்று குளிர்ந்திருக்கும்போது நிலத்தடி நீர் கையில் வெதுவெதுப்பாகவே இருக்கும். இரவே தொட்டியில் நிரப்பி வைத்த நீர்தான் சில்லிடும். வெந்நீர் கலப்பதானால் வெதுவெதுப்பு போதும். கொதிநீர் தலையின் இயற்கை எண்ணெயை எடுத்துவிடும்.

வன்னிக் கிணறுகள் பலவற்றில் நீர் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்துத்தான் சவர்க்காரத்தோடு சேர்ந்து முடியிலும் படிகிறது. முடி பிசுபிசுத்து, சிக்குப் பிடித்து, காயவும் பிந்தும். கடைசியாக ஒரு செம்பு நீரில் அரைத் தேசிக்காய்ச் சாற்றைக் கலந்து ஊற்றி, பின் நல்ல நீரால் அலசினால் பிசுக்கு விடும்.

குளித்ததும் துவாயால் தேய்க்காதீர்கள். கூந்தலைத் துவாய்க்குள் வைத்து, பிழிவதுபோல் மெதுவாக அழுத்துங்கள். பழைய பருத்திச் சாரத் துணியும் நன்றாக நீர் இழுக்கும். பிறகு விரல்களால் பிரித்துவிட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

மின்சார உலர்த்தி உள்ளவர்கள் அஞ்ச வேண்டாம். 2011ஆம் ஆண்டு கொரியாவில் வெளியான ஆய்வொன்று, 15 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்தினால், நெடுநேரம் ஈரமாகக் கிடந்து தானாகக் காயும் முடியைவிட உட்பகுதிச் சேதம் குறைவு என்று கண்டது. ஈரக் கையோடு மட்டும் தொட்டுவிடாதீர்கள். சாம்பிராணிப் புகை காட்டுபவர்கள் சன்னலைத் திறந்து வையுங்கள். அடைத்த அறையில் கரித்தணல் உயிருக்கு ஆபத்து.

எளிய நான்கு முடிச்சுகள்

1. இரவுக்குத் தளர்பின்னல்: முடியை முழுவதும் பின்னுக்கு எடுத்து, பிடரியிலிருந்து மட்டும் பின்னத் தொடங்குங்கள். ஒரு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். நுனியை றப்பர் வளையத்தால் கட்டாமல் துணி நாடாவால் கட்டுங்கள். காலையில் சிக்கு இருக்காது. கடமையான குளிப்பு நேர்ந்தால் நீர் உள்ளே செல்லவும் இந்தத் தளர்வு உதவும்.

2. மூன்று பின்னல்: அடர்ந்த கூந்தல் உள்ளவர்களுக்கு இது மிகவும் ஏற்றது. தடித்த ஒரு பின்னலின் நடுவில் ஈரம் தங்கிவிடும். மெல்லிய மூன்று பின்னல்கள் விரைவாகக் காயும். நபி (ஸல்) அவர்களின் மகளார் மறைந்தபோது குளிப்பாட்டிய உம்மு அத்திய்யா (ரழி) அவர்களும் மற்றப் பெண்களும் அவரது கூந்தலை மூன்று பின்னல்களாகப் பின்னிப் பின்னால் இட்டதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். காதோரம் இரண்டு, நடுவில் ஒன்று. மூன்றையும் பிடரியில் ஒன்றாக நாடாவால் கட்டிவிட்டால் முக்காட்டின் கீழ் தட்டையாக அடங்கும்.

3. பகலுக்குத் தாழ்கொண்டை: காய்ந்த கூந்தலைத் தளரப் பின்னி, பிடரிக்கு நேரே தாழ்வாகச் சுற்றி, அகலமான ஒரு கிளிப்பால் பிடியுங்கள். அதற்கு மேல் மெல்லிய பருத்தி உள்தொப்பி. அப்போது முக்காட்டை இறுக்கிக் கட்ட வேண்டிய தேவையே இல்லை, நழுவாது. உச்சியில் கொண்டையை உயர்த்தி வைக்கும் வழக்கம் பரவி வருகிறது. ஒட்டகத் திமில்போல் தலையை உயர்த்திக் காட்டும் பெண்களைப் பற்றி வந்துள்ள எச்சரிக்கையை நாம் அறிவோம். கடை முடியைச் சேர்த்துக் கொண்டையைப் பெரிதாக்குவதும் ஹதீஸில் கண்டிக்கப்பட்டதே.

4. மகளுக்கு இரட்டைப் பின்னல்: பாடசாலை ஒழுங்குக்கும் ஏற்றது. நடு வகிடு எடுத்துப் பின்னுவதால் உச்சிக்குக் காற்று கிடைக்கும். மழையில் நனைந்து வந்தால், வந்தவுடன் பர்தாவைக் கழற்றி, பின்னலை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். நனைந்த பர்தாவை மறுநாளும் போடவிடாதீர்கள். குறைந்தது மூன்றாவது இருக்கட்டும்.

பிள்ளைகள் நெருங்கியிருந்து ஒன்றாகப் போர்த்திப் படுக்கும் காலம் இது. தலையோடு தலை சேர்ந்தால் பேன் ஏறும். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாட்கள் வரை ஆகலாம். எனவே ஒருநாள் பேன் சீப்பால் வாரிவிட்டு நிறுத்தினால் போதாது. இரண்டு, மூன்று வாரம் விடாமல் வாருங்கள். பேன் பிடித்த பிள்ளையை ஏசாதீர்கள். அது அசுத்தத்தின் அடையாளம் அல்ல.

இறுக்கம் வேண்டாம்

குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று நெற்றி முடியை இழுத்து இறுக்குபவர்கள் கவனிக்க வேண்டும். பனிக்கட்டி நாடான கிறீன்லாந்தில் முடியை இறுக்கிக் கட்டும் பெண்களுக்கு நெற்றியோரம் வழுக்கை விழுவதை 1907இலேயே மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். தொடக்கத்தில் கட்டைத் தளர்த்தினால் முடி மீண்டும் வளரும். ஆண்டுக் கணக்கில் இழுத்தால் வேர் செத்துவிடும். நெற்றியோரத்தில் சிறு பருக்களோ நோவோ கண்டால், அன்றே முடிச்சையும் முக்காட்டையும் தளர்த்துங்கள்.

எண்ணெய் வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. தேங்காயெண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறையும். போத்தலை வெந்நீரில் சற்று வைத்தெடுங்கள். குளித்த ஈரத்தில் பூசாமல், குளிப்பதற்கு முன் பூசுங்கள். குளிக்குமுன் பூசிய தேங்காயெண்ணெய் முடியின் புரதம் கழிந்து போவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. நம் உம்மம்மாமார் இதை ஆய்வுக்கு முன்பே செய்தார்கள்!

கடமையான குளிப்பும் பின்னலும்

தாம் கூந்தலை இறுகப் பின்னும் பெண் என்றும், கடமையான குளிப்புக்காக அதை அவிழ்க்க வேண்டுமா என்றும் உம்மு ஸலமா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். வேண்டியதில்லை, தலையில் மும்முறை நீர் அள்ளி ஊற்றிப் பின் உடல் முழுவதும் நீர் ஊற்றினால் போதும் என்று நபியவர்கள் விளக்கினார்கள். பெண்கள் குளிக்கும்போது பின்னலை அவிழ்க்க வேண்டும் என்று ஒருவர் சொல்லி வருவதாக ஆயிஷா (ரழி) அவர்கள் கேள்விப்பட்டபோது, அப்படியானால் தலையையே மழிக்கச் சொல்லலாமே என்று வியந்து கண்டித்தார்கள். இரண்டும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளவை. பெண்ணின் சிரமத்தை மார்க்கம் எவ்வளவு அறிந்து வைத்திருக்கிறது, பாருங்கள்!

ஆனால் ஒன்று. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், பின்னலின் உள்ளேயும் நீர் சேர வேண்டும். சேராத அளவுக்கு இறுக்கம் இருந்தால் அவிழ்க்கத்தான் வேண்டும். ஹனஃபி மத்ஹபில் பெண்ணின் முடிவேர் நனைந்தால் போதும். மாதவிடாய் நின்ற பின் குளிக்கும்போது அவிழ்த்துக் குளிப்பதே பேணுதல். இரவில் தளரப் பின்னச் சொன்னது இதற்காகவும்தான். அவிழ்க்காமலே நீர் உட்செல்லும், சிக்கு விழாது, பின்னலோடு துணியில் ஒற்றிவிட்டு, உலர்ந்த துணியைச் சுற்றிக்கொண்டு நேரத்தோடு தொழலாம். தொழுகை முடிந்ததும் அவிழ்த்துக் காய வையுங்கள். முடியுமானால் இரவிலேயே குளித்துக் காயவைத்துவிட்டுப் படுப்பது இன்னும் எளிது.

நோயாளிகளுக்கும், உண்மையாகவே நீர் தீங்கு செய்யும் என்று அஞ்சுபவர்களுக்கும் தயம்மும் என்ற சலுகை இருக்கிறது. அதன் நிபந்தனைகளை ஆலிம்களிடம் கேட்டறியுங்கள். அடுப்பும் விறகும் உள்ள வீட்டில், வெறும் சோம்பலுக்கு அது மருந்தாகாது.

மாமிமாருக்கு ஒரு சொல்

குளிப்பைத் தள்ளிப்போடக் குளிர் மட்டும் காரணமல்ல. மாமியும் மதினியும் கொழுந்தனும் உள்ள வீட்டில், அதிகாலையில் ஈரத்தலையோடு குசினிக்கு வரப் புதுமணப்பெண் வெட்கப்படுகிறாள். யாரேனும் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்று கூசி, எல்லோரும் வெளியே போகும்வரை காத்திருக்கிறாள். அதற்குள் ஸுப்ஹு போய்விடுகிறது. வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் தொழுகையை இழக்கச் செய்யும் வெட்கத்தை நாம் வளர்க்கக் கூடாது.

மாமிமார்களே, ராத்தாமார்களே! அந்தப் பிள்ளையின் ஈரத்தலையைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். மற்றவர்கள் கேலி செய்யவும் விடாதீர்கள். மாரி தொடங்கும்போதே எல்லோருக்கும் பொதுவாக ஒரு பானை வெந்நீரை அடுப்பில் போட்டு வையுங்கள். யார் எதற்காக அள்ளுகிறார்கள் என்று பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டில் ஒரு பெண்ணின் ஸுப்ஹுத் தொழுகை அந்தப் பானையால் காக்கப்பட்டால், நன்மையில் உங்களுக்கும் பங்குண்டு, இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் இந்த மாரியை நம் வயல்களுக்கும் குளங்களுக்கும் பரக்கத்தாக ஆக்குவானாக! நம் இல்லங்களுக்கு உடல் நலத்தையும், உரிய நேரத்தில் தொழும் பாக்கியத்தையும் தருவானாக! ஆமீன்.