குரூப் போட்டோவில் நிற்காதவர்கள்

விக்டோரியா காலத்து குரூப் போட்டோ ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், "ஆகா, என்ன கம்பீரம்!" என்று உருக ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது. நடுவில் இளவரசர். இரண்டு பக்கமும் மீசை முறுக்கிய குதிரைப்படை அதிகாரிகள். ஒரு வரிசை தரையில், ஒரு வரிசை நாற்காலியில், ஒரு வரிசை நின்றுகொண்டு. கீழே இடமிருந்து வலமாக எல்லோருடைய பெயரும் பதவியும். நம் கல்லூரி கடைசி நாள் போட்டோவுக்கெல்லாம் தாத்தா இதுதான்!

சரி, கம்பீரம்தான். ஆனால் காமர்ஸ் முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்களே, ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்று உண்டு என்று? அந்தப் பற்றுப் பக்கம் எங்கே?

விக்டோரியாவின் மூத்த மகன், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர், 1875-76ல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். 10வது ஹுஸ்ஸார்ஸ் என்ற குதிரைப்படைக்கு அவரே கௌரவ கர்னல். அவருடைய சொந்தச் செலவுக்கு மட்டும் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒதுக்கியது 60,000 பவுண்டு. இந்தியக் கஜானாவும் தன் பங்கைக் கொடுத்தது. 1875 டிசம்பரில் சென்னைக்கு வந்தவரை வரவேற்றவர், அப்போதுதான் பதவியேற்றிருந்த கவர்னர் பக்கிங்ஹாம் டியூக். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அந்தக் காலத்துக் குதிரைப்படை இந்தியாவில் தானாக ஓடவில்லை. குதிரையைத் தேய்த்துவிட ஒரு குதிரைக்காரர், தீனிக்குப் புல் வெட்டி வர இன்னொருவர் என்று பின்னால் ஒரு பெரிய ஊரே நடந்தது. அந்த ஊருக்குப் படத்தில் இடமில்லை. தப்பித்தவறி ஓரத்தில் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாலும், கீழே குதிரையின் பெயர் இருக்கலாம், அவர் பெயர் இருக்காது.

"அந்தக் காலத்து கேமராவில் எல்லாரையும் எடுக்க முடியுமா சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. முடிந்தது. எடுத்தவரும் ஒரு குதிரைப்படை அதிகாரிதான்!

இளவரசர் போன மறு வருடம், 1876ல், மழை பொய்த்தது. மதராஸ் மாகாணம் பஞ்சத்தில் விழுந்தது. இளவரசரால் பஞ்சம் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 1877 ஜனவரி 1ம் தேதி டெல்லியில் தர்பார் வைத்து, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கப் பணம் இருந்தது. நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கோ ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நாள்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். அங்கே பவுண்டு என்றால் காசு, இங்கே பவுண்டு என்றால் எடை. 1876-78ல் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல்.

அவர்களைப் படம் எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், மதராஸ் குதிரைப்படை அதிகாரி. எலும்பும் தோலுமானவர்களை அதே மாதிரி உட்கார்ந்த வரிசை, நின்ற வரிசை என்று அடுக்கி எடுத்தார். இதுவும் குரூப் போட்டோதான். பெயர்கள்? ஒன்றுகூட இல்லை. இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்கிற மாதிரி தலைப்பு, அவ்வளவுதான். பஞ்சம் உலகத்துக்குத் தெரிய அந்தப் படங்கள் உதவின என்பது உண்மை. ஆனால் இதே ஹூப்பர் 1886ல் மாண்டலேயில் மரண தண்டனையைப் படம் எடுத்த விவகாரத்தில் விசாரணைக்கு ஆளானார் என்பதும் உண்மை.

கேமரா ஒன்றுதான், காலமும் ஒன்றுதான். பெயர் கேட்கலாமா வேண்டாமா என்பதில்தான் வித்தியாசம்.

பழைய கதை என்று நினைப்பவர்கள் காட்டுப்பள்ளிக்குப் போய்ப் பார்க்கலாம். கிழக்கே கடல், வடக்கே பழவேற்காடு ஏரி, மேற்கே ஒரு கால்வாய். அதே கால்வாயின் அடையாறு - கூவம் இணைப்பு 1877-78ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பட்டினியில் மண் சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். மொத்தக் கால்வாய்க்கும் பெயர்? பக்கிங்ஹாம்! கவர்னருக்குப் படத்திலும் பெயர், தண்ணீரிலும் பெயர்.

கப்பல் கட்டும் தளத்துக்காக காட்டுப்பள்ளிக் குப்பம் கடலோரத்திலிருந்து இடம் மாற்றப்பட்டது. பிறகு துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தது, மீனவ கிராமங்கள் எதிர்த்து நிற்கின்றன. இது பற்றிய செய்திப் படங்களைக் கவனியுங்கள். அதிகாரியும் அமைச்சரும் பெயரோடு வருவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் வெறும் "மீனவ மக்கள்".

பெயர் இல்லாதவர்களா அவர்கள்? பழவேற்காடு ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. யாருக்கு எந்த இடத்தில் எந்த நாள் வலை என்று பெயர்ப் பட்டியல் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள்தான் கேட்பதில்லை.

பெயரில்லாத ஆள் படத்தில் வெறும் பின்னணி. பின்னணியை நகர்த்துவது சுலபம். மரத்தை வெட்டுவது மாதிரி.

எனவே, அடுத்த முறை யாராவது இளவரசர் படத்தைக் காட்டி "என்ன கம்பீரம்!" என்றால், ஒரே ஒரு கேள்வி போதும்: குதிரையைப் பிடித்திருந்தவர் பேர் என்ன? காட்டுப்பள்ளிக்கு கேமராவோடு போகிறவர்களுக்கும் அதே கேள்விதான். படம் எடுப்பதற்கு முன்னால் பெயரைக் கேளுங்கள். கீழே எழுதுங்கள், இடமிருந்து வலமாக.