நான் போரா... எனக்கு போரா?

ஸ்பானிஷ் கத்துக்க ஆசையா? 'ஹோலா', 'கிராசியாஸ்' எல்லாம் ஒரே நாள்ல வந்துடும். 'மேசா'ன்னா மேசை. போர்ச்சுக்கீசியர்கள் புண்ணியத்துல அது நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பார்ட்டிதான். ஜன்னல், சாவி, அலமாரிகூட அவங்க உபயம்தான். ஆனா, மனசைச் சொல்ற வார்த்தைகள்கிட்ட வந்தா மேட்டரே வேற!

நம்ம முத்துக்குளித்துறைக்கு இந்தச் சிக்கல் புதுசு இல்லை. 1542-ல் இங்கே வந்த பிரான்சிஸ் சேவியர், இன்றைய ஸ்பெயினில் இருக்கும் நவார்ராவில் பிறந்தவர். ஜெபங்களை உள்ளூர்க்காரர்கள் உதவியோடு தமிழாக்கி மனப்பாடம் செய்தார். அதில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று இருந்தது! 1544-ல் தன் சகா மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதி, 'விசுவாசம்' என்று மாற்றிச் சொல்லச் சொன்னார். ஜன்னலைக் கடன் கொடுக்கலாம் பாஸ், மனசை அப்படிக் கொடுக்க முடியாது.

இப்ப நம்ம டர்ன். நம்ம 'இரு'வுக்கு ஸ்பானிஷில் ரெண்டு வினைச்சொல். ஆள் எப்படிப்பட்டவர்னு சொல்ல 'செர்'. இப்ப எந்த நிலைமையில இருக்கார்னு சொல்ல 'எஸ்தார்'. 'எஸ்தோய் அபுர்ரிதோ'ன்னா எனக்கு போரடிக்குது. 'சோய் அபுர்ரிதோ'ன்னா நானே ஒரு அறுவை! 'எஸ்தோய் லிஸ்தோ'ன்னா நான் ரெடி. 'சோய் லிஸ்தோ'ன்னா நான் புத்திசாலி. பொண்ணுங்க சொன்னா கடைசி 'ஓ', 'ஆ' ஆயிடும்: அபுர்ரிதா, லிஸ்தா. சோகத்தைச் சொல்ற 'த்ரிஸ்தே' மட்டும் ரெண்டு பேருக்கும் பொது. இன்னொண்ணு... இங்கிலீஷ் ஞாபகத்துல, கூச்சமா இருக்குன்னு சொல்றதா நினைச்சு 'எம்பாரசாதா'ன்னு சொல்லிடாதீங்க. அதுக்கு அர்த்தம் கர்ப்பிணி!

எஸ்தார்னா தற்காலிகம்னு மட்டும் குருட்டு மனப்பாடம் வேண்டாம். செத்துப் போனவரைச் சொல்லவும் எஸ்தார்தான். 'நிலைமை'ன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

கிராமர் கிளாஸ் ஓவர். இதுல நமக்கு என்ன லாபம்? ஒரு அரியர் விழுந்ததும் நம்ம பசங்க அடிக்கிற டயலாக், 'நான் ஒரு வேஸ்ட் மச்சி'. வைவாவுக்கு முன்னாடி கை நடுங்கினா, 'நான் பயந்தாங்கொள்ளி'. ஒரு நாள் நிலைமைக்கு ஆயுள் முத்திரை! ஸ்பானிஷ்ல வாயைத் திறக்கும்போதே முடிவு பண்ணியாகணும். 'சோய் நெர்வியோசோ', நான் டென்ஷன் பார்ட்டியா? 'எஸ்தோய் நெர்வியோசோ', இப்ப டென்ஷனா இருக்கேனா? ரெண்டும் ஒண்ணு இல்லை.

ஒரு நோட்டு எடுங்க. தினமும் ராத்திரி 'எஸ்தோய்'னு ஆரம்பிச்சு ஒரே ஒரு வரி எழுதுங்க. ஒரு மாசத்துல முப்பது வரி கையில இருக்கும். நேத்து த்ரிஸ்தேவா இருந்த ஆள் இன்னிக்கு 'கொந்தேந்தோ', அதாவது ஹேப்பியா இருக்கிறது உங்க கையெழுத்துலயே தெரியும். அப்புறம் 'வேஸ்ட்'னு சொல்ல வாய் வருமா?

ஆஸ்தா லுயேகோ!