மருந்துப் போத்தலும் எமது பிள்ளைகளும்

வயலுக்கு அடிக்கின்ற நஞ்சை நாம் மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். "அப்பா மருந்தடிக்கப் போய்விட்டார்" என்று சொல்கின்ற பிள்ளைக்கு, அந்தப் போத்தலில் இருப்பது காய்ச்சல் மருந்தைப் போன்றதல்ல என்று எப்படித் தெரியும்? போத்தலின் மேல் மண்டையோட்டுப் படம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் போத்தல் எமது வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்பதே நாம் இங்கே எழுப்ப விரும்பும் கேள்வி.

களஞ்சியமும் பூட்டும் உள்ள கமக்காரர் அதற்கு ஓர் இடம் தேடிக்கொள்வார். 1990 இலும், 1999 இலும், பின்னர் 2007 தொடக்கம் 2009 வரையும் மன்னார்ப் பெருநிலப்பரப்பின் ஊர்களை விட்டு உடுத்த துணியுடன் வெளிக்கிட்ட எமக்கு அந்த வசதி இருக்கவில்லை. தகரக் கொட்டில், ஓர் அறை. அதற்குள்ளேயே அரிசி மூட்டையும் அடுப்பும் குழந்தையின் ஏணையும், மூலையில் தெளிகருவியும் போத்தலும். ஊர் திரும்பிய பின்னரும் பலரது வீட்டில் இந்த ஒழுங்கு மாறவில்லை. சொந்தக் காணி கைக்கு வராதவர்கள் பிறர் வயலில் நாட்கூலிக்கு மருந்தடிக்கப் போகின்றார்கள். எந்த நஞ்சு, எவ்வளவு, எப்போது என்று முடிவு செய்கிறவர் வேறொருவர். அதைத் தோளில் சுமந்து காற்றுக்கு எதிரே நடக்கிறவர் எம்மவர். மாலையில் அவர் வாசலுக்கு வரும்போது ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வது பிள்ளை. நனைந்த அந்தச் சேட்டு பிள்ளையின் பள்ளிக்கூட உடுப்போடு ஒரே வாளியில் ஊறுகின்றது.

பெரியவருக்குத் தலையிடியோடு போய்விடுவது பிள்ளைக்கு அவ்வாறு போவதில்லை. பிள்ளையின் நிறையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு எம்மிலும் கூடியது, அது உள்ளிழுக்கும் காற்றும் குடிக்கும் நீரும் கூடியவை. கையை வாயில் வைக்கின்ற வயது வேறு. பல கிருமிநாசினிகள் பூச்சியின் நரம்பைத் தாக்கியே கொல்கின்றன. வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கும் நரம்புக்கும் அவை கேடானவை. குளோர்பைரிபொஸ் என்ற நஞ்சு கர்ப்பிணித் தாயின் உடலிற் கலந்தபோது, பிறந்த பிள்ளை ஏழு வயதிலும் நினைவாற்றலிற் பின்தங்குவதை நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இல் எழுதினர். ஐரோப்பிய நாடுகள் 2020 இல் அதனை நிறுத்தின.

வெறும் போத்தலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் அதனை நாம் நஞ்சென்றே கருதுவதில்லை. 2013 ஆம் ஆண்டு ஆடி மாதம் இந்தியாவின் பீகார் மாநிலத்தில் கண்டாமன் என்ற கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு உண்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மொனோகுறட்டோபொஸ் என்ற கிருமிநாசினி இருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. கிருமிநாசினி இருந்த கலனிலே எண்ணெய் வைக்கப்பட்டிருக்கலாம் என்று விசாரித்தவர்கள் கருதினர். ஏழைகளின் பிள்ளைகள், சோற்றுக்காகவே பள்ளிக்கூடம் போனவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். எமது வீடுகளில் மண்ணெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் தண்ணீருக்கும் எந்தக் கான்கள் பயன்படுகின்றன என்று இன்றே ஒருமுறை பார்ப்போமாக.

வெறுமையான போத்தலில் மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி வயலுக்கு அடித்துவிட வேண்டும். பின்பு போத்தலைக் குத்தி ஓட்டையாக்கினால் எவரும் அதில் எதையும் வைக்கமாட்டார்கள். எரிப்பது தீர்வல்ல, அந்தப் புகையும் நஞ்சே. கட்டுக்கரைக்குளத்து வாய்க்காலில் தெளிகருவியைக் கழுவுவதும் வேண்டாம். கீழே அதே வாய்க்காலிற் பிள்ளைகள் குளிக்கின்றனர். தீவுப் பகுதியில் இருப்போர் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். அங்கே மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்பதே எமது நன்னீர். கிணற்றடியில் ஊற்றுவது கிணற்றுக்கே போகும்.

மொனோகுறட்டோபொஸ் எமது நாட்டில் 1995 இலேயே தடைசெய்யப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். 1998 இல் என்டோசல்பான், 2008 தொடக்கம் படிப்படியாகப் பரகுவாட் என்று கொடியவை பல கடையிலிருந்து அகற்றப்பட்டன. நஞ்சருந்தி உயிரை மாய்த்துக்கொள்வோரின் தொகை அதன்பின் பெரிதும் குறைந்தது. ஆகவே சட்டம் பயனற்றது என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் 2021 இல் நடந்தது வேறு. இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்யப்படமாட்டா என்று அவ்வாண்டு மே மாதம் வர்த்தமானி வந்தது. மாற்றுப் பசளை போதிய அளவு இல்லை. கமக்காரருக்குப் பழகவும் காலமில்லை. நவம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது, கடன் நின்றது. அதன்பின் 'இயற்கை விவசாயம்' என்று எவராவது வாயெடுத்தால் எமது மக்கள் சிரிக்கின்றார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. கொழும்பிலிருந்து ஓர் ஆணையால் மண்ணை ஒரே போகத்தில் மாற்ற முடியாது. எனினும் அந்தத் தோல்வி நஞ்சை நல்லதாக்கிவிடவில்லை.

எங்கே தொடங்கலாம்? பயிர் முளைத்து மட்டம் வெடிக்கும் பருவத்தில் இலையிற் புழுவைக் கண்டவுடன் நாம் தெளிகருவியைத் தூக்குகின்றோம். அந்த வயதில் நெல் இழந்த இலையை மீண்டும் விட்டுக்கொள்ளும். வியட்நாமின் மீகொங் கழிமுகத்தில் 1990களின் நடுப்பகுதியில், விதைத்து முதல் நாற்பது நாட்கள் பூச்சிக்கு மருந்தடிக்காமல் இருந்து பாருங்கள் என்று விவசாயிகளிடம் சொன்னார்கள். செய்து பார்த்தவர்களின் விளைச்சல் குறையவில்லை; கிருமிநாசினிச் செலவு ஏறத்தாழப் பாதியாகியது. இந்தோனேசியாவில் 1986 இல் நெல்லுக்கு 57 வகைக் கிருமிநாசினிகளைத் தடைசெய்தபோதும் இதே காரணமே இருந்தது: சிலந்தியையும் மற்ற நல்ல பூச்சிகளையும் நஞ்சு கொன்றுவிட, கபிலநிறத் தத்தி பெருகிற்று. எமது பக்கத்தில் ஓர் ஏக்கரில், முழுவதிலும் வேண்டாம், ஒரு வரம்புக்குள் இதைச் சோதிக்கலாம். காசு செலவில்லாத சோதனை. விவசாயப் போதனாசிரியரையும் அழைத்துக் காட்டுங்கள்.

மண்ணை வளப்படுத்துவது மட்டும் காசில்லாமலும் காலமில்லாமலும் நடவாது. எருவும் பசுந்தாளும் இட்டு மண் தேறுவதற்குச் சில ஆண்டுகள் செல்லும். அடுத்த போகம் இந்தக் குத்தகைக் காணி கிடைக்குமா என்று தெரியாதவர் ஏன் எரு ஏற்றுவார்? யூரியாவைப் போட்டு இந்தப் போகத்தை எடுக்கவே பார்ப்பார். 2007 இல் வெளியேறிய முள்ளிக்குளத்து மக்களுக்குத் தமது நிலத்தின் ஒரு பகுதிக்கேனும் வழிதிறக்க 2017 வரை சென்றது. காணி விடுவிப்புக்காகக் குரல் கொடுப்பதும் பிள்ளைகளை நஞ்சிலிருந்து காப்பதும் வெவ்வேறு வேலைகள் அல்ல என்று நாம் கருதுவது இதனாலேயே. 2015 இல் வெளிவந்த திருத்தந்தை பிரான்சிசின் சுற்றுமடல் விவசாய நஞ்சுகளையும் ஏழைகளின் வாழ்வையும் ஒன்றாக வைத்துப் பேசியதை எமது பங்குகளில் இன்னும் பலர் வாசிக்கவில்லை.

வேம்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் ஒரு செய்முறையும். இயற்கையானது என்பதற்காக எதுவும் பிள்ளைக்குத் தீங்கற்றதாகிவிடாது. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் பருக்கியதால் வலிப்பும் மூளைப் பாதிப்பும் ஏற்பட்டதை மலேசியாவிலும் இந்தியாவிலும் வைத்தியர்கள் பதிந்துள்ளார்கள். ஆகவே பருக்க வேண்டாம். வயலுக்கென்றால், 16 லீற்றர் தெளிகருவிக்கு 800 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, துணியிற் கட்டி இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டுப் பிழிந்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் அடிக்கவேண்டும். வெயில் அதன் வீரியத்தைக் கெடுக்கும். பூச்சி உடனே சாகாது, தின்பதை நிறுத்தும். களைக்கு இது உதவாது, களையைக் கையாலும் தண்ணீர் கட்டியுமே அடக்கவேண்டும்.

ஆனியிலும் ஆடியிலும் மரத்தடியில் விழும் பழத்தைப் பொறுக்கித் தோல் நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்திச் சாக்கில் காற்றுப்பட வைத்தால் கார்த்திகையில் கைக்கு உதவும். பொலித்தீன் பையிற் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பொறுக்குகிற வேலைக்குப் பிள்ளைகளைக் கூப்பிடலாம். தெளிகருவிக்குத் தண்ணீர் அள்ள மட்டும் கூப்பிட வேண்டாம்.